டிராகன் பால் வீடியோ கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராகன் பால் கதையை அறியாதவர் இந்த கேம்களை விளையாட முடியுமா?

முடியும். ஆனால் கதையின் சுருக்கத்தையாவது தெரிந்துகொண்டு தொடங்கினால், யார் எதற்காக யாரை அடிக்கிறார் என்ற குழப்பம் இராது. அகிரா டோரியாமா எழுதி வரைந்த 'டிராகன் பால்' மங்கா (ஜப்பானியப் படக்கதை), ஷூயிஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1984-இன் இறுதியிலிருந்து 1995 வரை தொடராக வெளிவந்து, 42 தொகுதிகளாக நூல்வடிவம் பெற்றது. ஏழு மந்திர உருண்டைகளையும் ஒன்றுசேர்த்தால் ஷென்ரான் என்ற டிராகன் தோன்றி வரம் தரும் என்பதால் அவற்றைத் தேடி அலையும் புல்மா என்ற பெண், மலைக்காட்டில் தனியே வளர்ந்த, வால் உள்ள சிறுவன் கோகுவைச் சந்திக்கிறாள். கதை அங்கிருந்து தொடங்குகிறது. சோன் கோகு என்ற பெயரே சீனப் பழங்கதையில் வரும் குரங்கரசனின் பெயரை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம்தான்.

கோகு பெரியவனாகித் திருமணமும் செய்துகொண்ட பிறகு, அவன் பூமியில் பிறந்தவனே அல்லன், சயன் என்ற போர்க்குணம் கொண்ட வேற்றுக்கோள் இனத்தவன் என்ற உண்மை வெளிப்படுகிறது. அதன்பின் வரும் பகுதியைத்தான் டோய் அனிமேஷன் நிறுவனம் 'டிராகன் பால் இசட்' என்ற பெயரில் 1989 முதல் 1996 வரை 291 அத்தியாயங்கள் கொண்ட அனிமே, அதாவது அசைபடத் தொடராகத் தயாரித்தது. வீடியோ கேம்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இசட் பகுதியையே எடுத்துக்கொள்கின்றன.

இந்தப் பகுதியின் சண்டைகள் கேம் தயாரிப்பவருக்கு இரண்டு சங்கடங்களை உண்டாக்குகின்றன. மலைகளைத் தாண்டிப் பறந்துகொண்டே மோதுகிறவர்களைச் சிறிய திரை ஒன்றுக்குள் அடக்குவது எப்படி என்பது முதலாவது. கதையில் ஒருபோதும் சமபலத்தோடு நில்லாதவர்களை நியாயமான ஆட்டமாக மோதவிடுவது எப்படி என்பது இரண்டாவது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், கிளறிப் பார்த்தால், இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

முதல் டிராகன் பால் கேம் எது?

1986 செப்டம்பரில் எப்போக் நிறுவனம் தன்னுடைய 'சூப்பர் கேசட் விஷன்' கருவிக்காக வெளியிட்ட 'டிராகன் டைஹிக்கியோ' என்ற கேம்தான் முதலாவது. அந்தக் கருவியை வைத்திருந்தவர்கள் குறைவு என்பதால், பலரும் முதல் கேமாக நினைவில் வைத்திருப்பது அதே ஆண்டு நவம்பரில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் கருவிக்காக பண்டாய் வெளியிட்ட 'ஷென்ரான் நோ நாசோ'வை. சிறுவன் கோகுவை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து நடத்திச்செல்லும் எளிய சாகச ஆட்டம் அது. கோகு இன்னும் பறக்கத் தொடங்கவில்லை. ஆகவே மேலே சொன்ன சங்கடங்களும் அப்போது தொடங்கவில்லை.

'டிராகன் பவர்' என்பதும் டிராகன் பால் கேம்தானா?

ஆம், 'ஷென்ரான் நோ நாசோ'வே 1988-இல் அமெரிக்காவில் 'டிராகன் பவர்' என்ற பெயரில் மாற்றுடை அணிந்து வெளியானது. அங்கே டிராகன் பாலை யாரும் அறியாத காலம் என்பதால், கதையின் அடையாளங்களை வைத்துக்கொள்வதில் பயனில்லை என்று வெளியிட்டவர்கள் கருதியிருக்க வேண்டும். கூர்கூராக நிற்கும் முடியோடு இருந்த கோகு குரங்கு முகமுள்ள சிறுவனாக ஆக்கப்பட்டான்; புல்மா நோரா ஆனாள்; கமேஹமேஹா என்னும் புகழ்பெற்ற ஆற்றல்வீச்சு 'காற்றலை' என்ற பொருள்படும் பெயரைப் பெற்றது. மூலக்கதையில் ஆமைத்துறவி என்ற கிழவருக்குப் பெண்களின் உள்ளாடைமீது ஒரு சபலம் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் அந்த உள்ளாடை சாண்ட்விச்சாக மாறியது. சாண்ட்விச்சுக்காக வழிகிற துறவி உள்ளாடைக்காக வழிகிறவரைவிட விசித்திரமானவராகத் தெரிகிறார் என்பதை மாற்றியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

சண்டைக் கதைக்கு ஏன் இத்தனை சீட்டு ஆட்டங்கள்?

1988-இல் வந்த 'டைமாவோ ஃபுக்கட்சு' தொடங்கி, 1990-இன் 'கியோஷூ! சயாஜின்', அதைத் தொடர்ந்த ஃப்ரீசா என்ற வில்லனின் கதை, செயற்கை மனிதர் கதை என ஃபேமிகாமில் வந்த டிராகன் பால் கேம்கள் ஏறக்குறைய அனைத்தும் சீட்டுகளை வைத்தே சண்டையை நடத்தின. ஒவ்வொரு சீட்டின் ஒரு மூலையில் தாக்கும் வலிமையைக் காட்டும் நட்சத்திரங்கள் இருக்கும். எதிர்மூலையில் தற்காப்பைக் காட்டும் எண் இருக்கும். நடுவில் எந்தக் குருகுலத்துக்கு உரிய சீட்டு என்பதைச் சொல்லும் ஒற்றை எழுத்து இருக்கும். ஆமைத்துறவியின் சீடர்களுக்கு உரிய எழுத்துள்ள சீட்டை குரிலின் எடுத்தால் அவனுடைய அடி வழக்கத்தைவிட வலுவாக விழும். சிறப்பு ஆற்றல்களைப் பயன்படுத்துவதற்கென்று தனிச் சீட்டு உண்டு.

ஃபேமிகாமின் ஆற்றலுக்கு, விரைந்து பறக்கும் இரண்டு பெரிய உருவங்களை ஒரே நேரத்தில் அசைத்துக்காட்டுவது எளிதல்ல. சீட்டைத் தேர்ந்ததும் ஆட்டக்காரரின் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு வரும் பறத்தல், மறைதல், எதிரி மண்ணில் புதைதல் அனைத்தும் குறும்படம்போலத் தானே ஓடுகின்றன. ஆகவே இயந்திரத்தின் போதாமையை மறைப்பதற்காகப் பிறந்த உத்தி, அனிமேயைப் பார்க்கும் அனுபவத்துக்கு அதிரடி ஆட்டங்களைவிட நெருக்கமாக வந்துவிட்டது. 1992-இல் பண்டாய், அட்டைகளில் அச்சிட்ட பார்கோடைத் தேய்த்துப் பாத்திரங்களை உள்ளே கொண்டுவரும் துணைக்கருவி ஒன்றையும் ஒரு டிராகன் பால் கேமோடு சேர்த்தே விற்றது.

'சூப்பர் புடோடென்' ஏன் இன்றும் பேசப்படுகிறது?

தூரம் என்ற சிக்கலுக்குக் கிடைத்த முதல் நல்ல விடை அதில் இருப்பதால்தான். 1993-இல் சூப்பர் ஃபேமிகாமுக்காக வந்த இந்தச் சண்டை ஆட்டத்தில், இருவரும் அருகருகே இருக்கும்வரை திரை ஒன்றாகவே இருக்கும். ஒருவர் விலகிப் பறந்தால், நடுவில் ஒரு கோடு தோன்றித் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் நீங்கள், மறுபாதியில் உங்கள் எதிரி. யார் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதைக் காட்ட ராடார் போன்ற சிறு கட்டம் ஒன்றும் இருக்கும். மீண்டும் நெருங்கினால் கோடு மறைந்துவிடும்.

அந்தப் பிளவு ஏற்பட்டவுடன் ஆட்டத்தின் இயல்பே மாறிப்போகும். தூரத்தில் இருப்பவர் பெரிய ஆற்றல்வீச்சுக்கான பொத்தான் வரிசையை அழுத்தினால், சண்டை நின்று ஒரு காட்சி தொடங்கும். ஒளிக்கற்றை ஒரு திரையிலிருந்து கிளம்பி இடையிலுள்ள வெளியைக் கடந்து மற்றதை நோக்கி வரும். அது வந்து சேர்வதற்குள், எதிர்ப்பதா, தடுப்பதா, தட்டிவிடுவதா என்று எதிராளி தீர்மானித்துத் தன் பொத்தான்களை அழுத்த வேண்டும். வாரக்கணக்காக இழுத்த அனிமே சண்டைகளில் ஒரு வீச்சு வந்து சேர்வதற்குள் இருபுறமும் நின்றவர்கள் கண்களை விரித்து வியர்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை, ஆட்டத்தின் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். அதன் இரண்டாம் பாகம் அதே ஆண்டின் இறுதியில் வந்தது. கோகுவின் மகன் கோஹானை முன்னிறுத்திய அந்தப் பாகமே மூன்றிலும் மேலானது என்பது என் கணிப்பு.

ஐரோப்பாவுக்கு முன்பே வந்த கேம்கள் அமெரிக்காவுக்கு ஏன் தாமதமாகப் போயின?

அனிமே போன வழியே கேம்களும் போயின. பிரான்சில் 1988-லேயே தொலைக்காட்சியில் டிராகன் பால் ஒளிபரப்பாகிச் சிறுவர்களிடையே பெரும்புகழ் பெற்றதால், சூப்பர் புடோடென் கேம்கள் அங்கே பிரெஞ்சு மொழியில் உடனுக்குடன் வெளியாயின. அமெரிக்காவில் இசட் 1996-இல் தொடங்கி, 1998-க்குப் பிறகே பரவலாகப் பேசப்பட்டது. டிராகன் பால் என்ற பெயரைத் தாங்கி அங்கே வெளியான முதல் கேம் 1997-இன் 'ஜிடி: ஃபைனல் பவுட்'. ஜப்பானில் 1995-இல் வந்த பிளேஸ்டேஷன் கேமான 'அல்டிமேட் பேட்டில் 22', எட்டு ஆண்டுகள் கழித்து 2003-இல், பிளேஸ்டேஷன் 2 வந்த பிறகு, புதுச்சரக்காக அமெரிக்கக் கடைகளுக்குப் போனது. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டதில் வியப்பில்லை.

'புடோகாய்', 'புடோகாய் டென்கைச்சி', 'ஸ்பார்க்கிங்!' ஆகிய மூன்றும் ஒன்றா?

இரண்டு தொடர்கள், மூன்று பெயர்கள். இந்தக் குழப்பத்துக்கு வெளிநாட்டு வெளியீட்டாளர்கள்தான் காரணம்.

ஒசாகாவின் டிம்ப்ஸ் நிறுவனம் உருவாக்கி 2002 முதல் 2004 வரை பிளேஸ்டேஷன் 2-இல் மூன்று பாகங்களாக வந்தது 'புடோகாய்'. இருவரும் பெரும்பாலும் எதிரெதிரே நின்று, வழக்கமான சண்டை ஆட்டங்களைப்போலக் கைகலப்பது இதன் அமைப்பு. 2005-இல் ஸ்பைக் நிறுவனம் முற்றிலும் வேறொரு தொடரைத் தொடங்கியது. ஜப்பானில் அதன் பெயர் 'ஸ்பார்க்கிங்!'. புடோகாய் என்ற பெயர் ஏற்கெனவே விலைபோனதால், வெளிநாடுகளில் அதை 'புடோகாய் டென்கைச்சி' என்று அழைத்தார்கள். கதையில் வரும் 'டென்கைச்சி புடோகாய்', அதாவது உலகின் முதல்வனைத் தேர்ந்தெடுக்கும் தற்காப்புக்கலைப் போட்டி, தலைகீழாகத் திருப்பப்பட்டுப் பெயரானது.

ஸ்பார்க்கிங் தொடரில் கேமரா உங்கள் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். எதிரி மலைக்கு அப்பால் ஒரு புள்ளியாகத் தெரிவார். நீங்கள் ஆற்றலைத் திரட்டிக்கொண்டு அந்தப் புள்ளியை நோக்கிப் பாய்வீர்கள். சூப்பர் புடோடென் திரையைப் பிளந்து தீர்த்த சிக்கலை, இங்கே கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தீர்த்தார்கள். இதில் நெருங்கிநின்று நுட்பமாகக் கைகலக்கும் சுவை குறையும். விரிந்த வெளியில் பறக்கும் உணர்வு கூடும். 2007-இல் வந்த மூன்றாம் பாகத்தில், ஒரே ஆளின் வெவ்வேறு உருமாற்றங்களையும் சேர்த்து 161 பாத்திரங்கள் இருந்தன.

2012-இல் ஸ்பைக், சுன்சாஃப்ட் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த ஸ்பைக் சுன்சாஃப்ட் உருவாக்கி, பண்டாய் நாம்கோ 2024 அக்டோபர் 11 அன்று வெளியிட்ட 'ஸ்பார்க்கிங்! ஜீரோ' அந்தத் தொடரின் அடுத்த பாகம்தான். இம்முறை எல்லா நாடுகளிலும் ஒரே பெயர். வெளியானபோது 182 பாத்திரங்கள் இருந்தன. முதல் 24 மணி நேரத்தில் 30 லட்சம் பிரதிகள் விற்றதாக வெளியிட்டவர்கள் அறிவித்தார்கள்.

கதையில் ஒரே அடியில் விழுகிறவர்கள் கேமில் எப்படி எதிர்த்து நிற்கிறார்கள்?

இதைத்தான் அதிகம்பேர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மங்காவில் சயன்கள் கண்ணருகே அணியும் கருவி எதிராளியின் வலிமையை எண்ணாகவே சொல்லிவிடும். துப்பாக்கி ஏந்திய விவசாயி ஒருவரைப் பார்த்து அது 5 என்கிறது. கோகுவின் பழைய எதிரி பிக்கோலோவை 322 என்கிறது. பின்னொரு கட்டத்தில் ஃப்ரீசா தன் வலிமை 5,30,000 என்று அமைதியாகச் சொல்கிறான். (உலகெங்கும் கேலியாகப் பரவிய 'ஒன்பதாயிரத்துக்கு மேல்' என்ற வசனம் ஆங்கில மொழிமாற்றத்தில் உண்டானது, மூலத்தில் எட்டாயிரம்தான்.) இந்த எண்களை அப்படியே கேமில் வைத்தால், ஃப்ரீசாவைத் தேர்ந்தவர் ஒரு விரலசைவில் வென்றுவிடுவார், வரவேற்பறையில் அடுத்த ஆட்டமே நடக்காது.

பெரும்பாலான சண்டை ஆட்டங்கள் இந்த எண்களைப் பார்க்காததுபோல் நடந்துகொள்கின்றன. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே உயிரளவு. வேகத்திலும் உத்தியிலும் மட்டும் வேறுபாடு. ஆகவேதான் ஸ்பார்க்கிங் தொடரில், மிஸ்டர் சாத்தான் என்ற வாய்ச்சவடால் மல்யுத்த வீரர் கைதேர்ந்த ஒருவரிடம் அகப்பட்டால், விண்மீன் மண்டலங்களை ஆளும் ஃப்ரீசாவையே வீழ்த்திவிடுகிறார். கதையை மதிக்கிறவர்களுக்கு அது கொச்சையாகப் படலாம். எனக்கு அது அந்த ஆட்டங்களின் மிகப் பெரிய சந்தோஷமாகத் தோன்றுகிறது.

'ஸ்பார்க்கிங்! ஜீரோ' சற்று வேறுவிதமாக யோசித்தது. அதில் வலுவானவரை உண்மையிலேயே வலுவானவராக விட்டுவிட்டு, அவருக்கு விலை வைத்தார்கள். புள்ளி முறைச் சண்டையில் உங்கள் அணிக்கு மொத்தம் 15 புள்ளிகள். அதற்குள் அதிகபட்சம் ஐந்துபேரைத் தேர்ந்துகொள்ளலாம். பெரிய ஆள் ஒருவரை எடுத்தால் துணைக்கு ஆள் குறையும். சில்லறைப் பாத்திரங்களை எடுத்தால் ஐந்துபேர் வரிசையில் நிற்பார்கள். மளிகைக்கடைக் கணக்குப்போலத் தோன்றினாலும், மங்காவின் ஏற்றத்தாழ்வை அழிக்காமல் ஆட்டத்தைக் காப்பாற்றிய முறைகளில் இதுவே நேர்மையானது. ஆனால் தனியே விளையாடும் கதைப்பகுதியில் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. தொடக்கத்திலேயே சயன் இளவரசன் வெஜிட்டா மாபெரும் குரங்காக உருமாறி வரும் சண்டை, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் திணறடித்தது.

2022-இல் வந்த 'தி பிரேக்கர்ஸ்' ஏற்றத்தாழ்வையே ஆட்டமாக்கிவிட்டது. ஏழுபேர் புல்மாவையும் ஊலாங் என்ற பன்றியையும் போன்ற எளியவர்கள்; எட்டாமவர் செல், ஃப்ரீசா, பூ போன்ற கொடிய எதிரிகளில் ஒருவர். எதிர்த்துநின்று வெல்வதைக் காட்டிலும் ஒளிந்து, ஓடி, கால இயந்திரத்தை இயக்கித் தப்பிப்பதே அந்த ஏழுபேரின் நோக்கம். கதையில் பலமற்றவர்களுக்கு நடுக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதை முதல்முறையாக உணரவைத்த கேம் இது. எண்ணம் நல்லது, ஆனால் நாலைந்து ஆட்டங்களுக்குப் பிறகு அலுப்புத் தட்டுகிறது.

'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்' படம்போலத் தெரிகிறதே, அது கையால் வரைந்ததா?

இல்லை, முப்பரிமாண உருவங்கள்தான். 2018 ஜனவரியில் வந்த இந்த கேமை உருவாக்கிய ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் நிறுவனம், 2014-இல் தன்னுடைய 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி'யில் பழகிய உத்தியை இங்கே பயன்படுத்தியது. கணினி இயல்பாக அசைவுகளை வழுவழுவென்று இணைத்துவிடும். இவர்கள் அந்த இணைப்பை நிறுத்திவிட்டு, அனிமேயில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவுவதுபோல ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே அமைத்தார்கள். பாத்திரத்தின் மீது விழும் நிழலும் இயற்கை ஒளிக்கு ஏற்ப அல்லாமல், ஓவியர் எங்கே நிழலிடுவாரோ அங்கே விழுமாறு செய்யப்பட்டது. ஆட்டத்தை எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் மங்காவின் ஒரு கட்டம்போலத் தெரிவது அதனால்தான்.

சண்டை முறையில் இது பக்கவாட்டுக் காட்சிக்கே திரும்பிப்போனது. ஒவ்வொருவரிடமும் மூன்றுபேர் கொண்ட அணி. தூரத்தை இங்கே யாரும் மதிப்பதில்லை, ஏனென்றால் ஒரே பொத்தானில் எதிரியைத் துரத்திப் பாயும் வசதி எல்லோருக்கும் உண்டு. திரையின் ஓரத்தில் ஏழு உருண்டைகளுக்கான இடம் இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடிகளைத் தொடர்ச்சியாகக் கொடுத்தால் ஓர் உருண்டை ஒளிரும். இருதரப்பில் யார் கொடுத்தாலும் அது பொதுக்கணக்கிலேயே சேரும். ஏழும் ஒளிர்ந்தபின், ஆற்றலளவும் நிறைந்த ஒருவர் தேவையான அடித்தொடரை முடித்தால், வானம் இருண்டு ஷென்ரான் எழும். இழந்த உயிரளவைத் திருப்பிக்கொடு, விழுந்த தோழனை எழுப்பு என்பன போன்ற நான்கு வரங்களில் ஒன்றைக் கேட்கலாம். நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த ஆறு உருண்டைகளோடு எதிராளி ஏழாவதைச் சேர்த்து வரத்தை வாங்கிப்போவது, இந்தக் கதையை உணர்ந்தவர்கள் மட்டுமே அமைக்கக்கூடிய அநியாயம்.

2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் அதிகம்பேர் பதிவுசெய்த கேம் இதுவே. இறுதியில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸ், ஜப்பானின் கோ1-ஐ வென்றார். தொடக்கத்தில் 24 ஆக இருந்த பாத்திரங்கள் 2022-இல் 44 ஆயின.

ஒரே கதையை இத்தனை கேம்களில் எதற்குத் திரும்பத் திரும்ப விளையாட வேண்டும்?

கோகுவின் அண்ணன் ராடிட்ஸ் வருகிறான், கோகு சாகிறான், வெஜிட்டா வருகிறான், நாமெக் கோள் வெடிக்கிறது. இருபது ஆண்டுகளாக இந்தத் தொடரை விளையாடுகிறவருக்கு அலுப்பு வரத்தான் செய்யும். தயாரிப்பாளர்களும் அதை அறிந்தே, தெரிந்த கதைக்குள் வேறு ஏதாவது செய்ய இடம்தேடுகிறார்கள்.

2002-இல் கேம்பாய் அட்வான்ஸுக்காக வந்த 'தி லெகசி ஆஃப் கோகு' கதையை அப்படியே நடந்துபோகச் செய்தது. அதில் பூமியைக் காக்கவேண்டிய கோகு, வழியில் வரும் ஓநாய்களிடம் கடிபட்டே செத்துப்போவான் என்பது இன்றும் சிரிப்புக்குரிய செய்தி. அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகம் இந்தக் குறைகளைக் களைந்து, நல்ல கேமாகவே அமைந்தது.

சைபர்கனெக்ட்2 உருவாக்கி 2020 ஜனவரியில் வந்த 'டிராகன் பால் இசட்: ககரோட்', சண்டைகளுக்கு இடையே கிடக்கும் நேரத்தைப் பெரிதாக்கியது. ஊர் மேலே பறக்கலாம், பழம் பொறுக்கலாம், வேட்டையாடலாம், கோகுவின் மனைவி சீச்சியிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம். மீன் பிடிக்க வேண்டுமென்றால் கோகு ஒரு போலி வாலைக் கட்டிக்கொண்டு, நீர்நிலை ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைத் தண்ணீரில் தொங்கவிடுவான். மீன் கவ்வியதும் நேரம்பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மங்காவின் முதல் அத்தியாயத்தில் சிறுவன் கோகு தன் சொந்த வாலைத் தூண்டிலாக்கியதை நினைவில் வைத்திருப்பவர், வளர்ந்து ஆளாகி வாலை இழந்தவன் அதே வேலைக்குப் போலி வால் கட்டும் காட்சியில் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். கதையை மீண்டும் சொல்வதற்கு நியாயம் தருபவை இப்படிப்பட்ட இடங்கள்தான்.

'ஸ்பார்க்கிங்! ஜீரோ' எடுத்துக்கொண்ட வழி 'இப்படி நடந்திருந்தால்' என்பது. கோகு, வெஜிட்டா, பிக்கோலோ, கோஹான், எதிர்கால டிரங்க்ஸ், ஃப்ரீசா உட்பட எட்டுப் பாத்திரங்களின் பார்வையில் கதை நடக்கிறது. முக்கியமான திருப்பங்களில் நீங்கள் தேரும் வழியையும், சண்டையை எவ்வளவு விரைவாக முடிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்து, மங்காவில் இல்லாத முடிவுகளும் திறக்கின்றன.

நானே ஒரு பாத்திரத்தை உருவாக்கி விளையாட முடியுமா?

2015-இன் 'ஜெனோவர்ஸ்', 2016-இன் 'ஜெனோவர்ஸ் 2' ஆகியவை அதற்கென்றே வந்தவை. மனிதர், சயன், நாமெக்கியர், மாஜின், ஃப்ரீசா இனம் என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்து, வரலாற்றைக் கெடுக்க வருகிறவர்களைத் தடுக்கும் காலக் காவலராக வேலைபார்க்கலாம். 2010-இல் தென்கொரியாவில் தொடங்கி 2013-இல் மூடப்பட்ட 'டிராகன் பால் ஆன்லைன்' என்ற இணையவழி கேமில் இருந்த எண்ணமே இங்கே மறுபிறவி எடுத்தது. டிம்ப்ஸ் உருவாக்கிய 'ஜெனோவர்ஸ் 2' பல ஆண்டுகளாகப் புதுப்பாத்திரங்களைப் பெற்றுக்கொண்டே வருகிறது.

இந்த கேம்களில் டோரியாமாவின் கை உண்டா?

ஓரளவு உண்டு. நிரல் எழுதுவதிலோ ஆட்ட அமைப்பிலோ அவர் இறங்கவில்லை. ஆனால் வீடியோ கேம் அவருக்கு அந்நியமான துறையன்று. 1986-இல் தொடங்கிய 'டிராகன் குவெஸ்ட்' தொடரின் பாத்திரங்களை வடிவமைத்தவர் அவரே. டிராகன் பால் கேம்களில், 'லெஜெண்ட்ஸ்' கேமின் நாயகன் ஷாலட்டும், 'ககரோட்'டில் வரும் போன்யூவும் அவர் வரைந்தவர்கள். 'ஃபைட்டர்ஸ்'-இன் ஆண்ட்ராய்டு 21 அவருடைய மேற்பார்வையில் உருவானது. 2024 மார்ச் 1 அன்று தம் 68-ஆம் வயதில் அவர் காலமானார், 'ஸ்பார்க்கிங்! ஜீரோ' வெளிவந்தது அதற்கு ஏழு மாதங்களுக்குப் பிறகு.

கைப்பேசி கேம்கள் உண்மையில் இலவசமா?

பதிவிறக்குவதும் விளையாடுவதும் இலவசம். 2015-இல் வந்த 'டொக்கான் பேட்டில்' வண்ண உருண்டைகளை இணைத்து ஆற்றல் சேர்க்கும் புதிர் வகை. 2018-இல் வந்த 'லெஜெண்ட்ஸ்' சீட்டுகளைத் தட்டிச் சண்டையிடும் வகை. (பழைய ஃபேமிகாம் சீட்டுகள் வேறு வழியாக வீடு திரும்பியிருக்கின்றன.) புதுப்பாத்திரங்கள் வேண்டுமென்றால் முதலாவதில் டிராகன் கற்களையும் இரண்டாவதில் படிகங்களையும் கொடுத்துக் குலுக்கலில் இழுக்க வேண்டும். கற்கள் விளையாடியும் கிடைக்கும், பணத்துக்கும் கிடைக்கும். விரும்பிய பாத்திரம் வராமல் போவதற்கான வாய்ப்பே எப்போதும் அதிகம். பிள்ளைகளின் கையில் கொடுக்கும் கைப்பேசியில், வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்துவிட்டுக் கொடுங்கள்.

பழைய கேமின் மறுபதிப்பில் இசை வேறாக இருக்கிறதே?

2012-இல் வந்த புடோகாய் எச்டி தொகுப்பைப் பற்றித்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். அந்த கேம்களின் இசையமைப்பாளர், இசட்டைச் சுருக்கித் தொகுத்த 'டிராகன் பால் கை' என்ற அனிமேக்காக அமைத்த பின்னணி இசை, பிறருடைய பதிப்புரிமையை மீறியிருக்கலாம் என்று டோய் அனிமேஷன் 2011-இல் அறிவித்து, அதை நீக்கிவிட்டுப் பழைய இசையைச் சேர்த்தது. அதன் பிறகு வந்த கேம் தொகுப்பிலும் இசை மாற்றப்பட்டது. அந்தத் தொகுப்பில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் மட்டுமே உள்ளன. இரண்டாம் பாகம் இல்லை. புதிய கேம்களில் அனிமேயின் மூலப் பாடல்கள் இல்லாதது வேறு காரணம்: 'ஃபைட்டர்ஸ்', 'ஸ்பார்க்கிங்! ஜீரோ' இரண்டிலும் அவை தனி விலைக்கு விற்கப்படுகின்றன.

தமிழில் விளையாட முடியுமா?

முடியாது. கன்சோலுக்கும் கணினிக்கும் வந்த இந்தப் பெரிய கேம்கள் எதிலும் தமிழ் எழுத்தோ தமிழ்க் குரலோ இல்லை. குரல் பெரும்பாலும் ஜப்பானியம், ஆங்கிலம் என்ற இரண்டில் ஒன்றாகத் தேர்ந்துகொள்ளும்படி இருக்கும். எழுத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு குரலை ஜப்பானியத்துக்கு மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். 1986-இல் சிறுவன் கோகுவுக்குக் குரல் கொடுத்த மசாக்கோ நொசாவா, 1936-இல் பிறந்தவர், 'ஸ்பார்க்கிங்! ஜீரோ'விலும் கோகுவாகவும் கோஹானாகவும் கத்துகிறார். தந்தையும் மகனும் சேர்ந்து கமேஹமேஹா வீசும்போது கேட்கும் இரு குரல்களும் அவருடையவையே.

ஒரே வீட்டில் இருவர் சேர்ந்து விளையாட எதை வாங்குவது?

'ஃபைட்டர்ஸ்' போதும். 'ஸ்பார்க்கிங்! ஜீரோ'வில் கேமரா ஒவ்வொருவரின் பின்னாலும் நிற்கவேண்டியிருப்பதால், ஒரே தொலைக்காட்சியில் இருவர் ஆடத் திரையைப் பிரித்தாக வேண்டும். இயந்திரம் இரண்டு காட்சிகளை ஒரே நேரத்தில் வரைய வேண்டியிருக்கும். அதனால் வெளியானபோது, எதுவுமற்ற வெண்வெளியாகக் கிடக்கும் காலவெளி அறையில் மட்டுமே அப்படி ஆட முடிந்தது. தூரத்தைக் காட்ட 1993-இல் நடுவில் போட்ட கோடு, 31 ஆண்டுகள் கழித்து மலையையும் கடலையும் அழித்துவிட்டுத்தான் திரும்பிவந்தது.

முதன்முதலாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

கதை தெரியாதவர் 'ககரோட்'டிலிருந்து தொடங்கலாம். அது ராடிட்ஸ் வருகையிலிருந்து பூவின் முடிவுவரை முழுவதையும் நிதானமாகச் சொல்கிறது. கதை தெரிந்து, மனிதர்களோடு மோத விரும்புகிறவர் 'ஃபைட்டர்ஸ்'-ஐ எடுக்கட்டும். முதல் இரண்டு வாரம் ஆன்லைனில் தோற்றுக்கொண்டே இருப்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுவயதில் அனிமே பார்த்துவிட்டு, பறப்பதும் மலைகளை உடைப்பதும் எப்படியிருக்கும் என்று ஏங்கியவருக்கு 'ஸ்பார்க்கிங்! ஜீரோ'. அவர் அந்த மாபெரும் குரங்கிடம் பத்து முறை தோற்றால், எதிரே நின்று அடிக்காமல் பின்னால் சுற்றிப் பறந்து முதுகில் அடிக்கட்டும். குரங்கு திரும்புவதற்கு நேரமாகும்.